தலைகீழ்க் கழுகு

ஜூன் 12

இந்த டைரி அச்சகத்தில் மிஞ்சிய மாதிரிப் பிரதி, போன வருஷத்துக்கானது. கிழமைகள் ஒரு நாள் தள்ளி இருக்கின்றன. அடித்துத் திருத்திக்கொள்கிறேன். முப்பத்து மூன்று வருஷம் ஊரார் கிழமைகளைத் திருத்திய கைக்கு இது பெரிய வேலை இல்லை.

சிவகாசியில் நான் மெய்ப்புப் பார்த்த காலண்டர் தொங்காத சுவர் தமிழ்நாட்டில் குறைவு. ராகுகாலம், எமகண்டம், கரிநாள், முகூர்த்தநாள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போயின. நகைக்கடைக்காரன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஜவுளிக்கடைக்காரன் பெயர் இருக்கும். ஞானகுருசாமி என்ற பெயர் எந்த மூலையிலும் இருக்காது. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. சாவதற்குள் ஒரே ஒரு அட்டையிலாவது என் பெயரைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

புத்தகத்தின் தலைப்பு முடிவாகிவிட்டது: 'அமெரிக்க நாணயச் சேகரிப்பு – முழுமையான கையேடு'. நான் தேடியவரை தமிழில் இப்படி ஒன்று இல்லை. இல்லாததற்குக் காரணம், இங்கே நாணயம் சேகரிக்கிறவர்களுக்குப் படிக்கிற வழக்கம் கிடையாது. எங்கள் மாவட்ட நாணயச் சங்கத்தில் இருபத்தெட்டுப் பேர். மாதக் கூட்டத்தில் வடை தீர்ந்ததும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். சென்ட் எது, பத்து சென்ட் காசான டைம் எது என்று கேட்டால் தலைவரே ஜன்னல் பக்கம் பார்ப்பார். நவம்பரில் சங்கம் நடத்தும் கண்காட்சியில் புத்தகம் வெளிவருகிறது. பழைய முதலாளி ரத்தினவேல் தன் அச்சகத்திலேயே அடித்துத் தருகிறார். அவருக்கும் நாணயம் என்றால் அன்றைய வசூல்தான்.

ஜூன் 15

நவநீதகிருஷ்ணன் சாத்தூரிலிருந்து வந்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் மூட்டை எண்ணியவன். கப்பல்காரர்களிடம் வாழைத்தாரையும் பீடிக்கட்டையும் கொடுத்து வாங்கிய அமெரிக்க நாணயங்கள் முப்பத்தேழு வைத்திருக்கிறான். இந்தப் பக்கத்தில் அந்த அளவு வேறு யாரிடமும் இல்லை, ஆகவே அவனைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழக்கம்போல ஒரு பொட்டலம் சேவு. வழக்கம்போலக் கால்சட்டையில் சைக்கிள் கிளிப். பஸ்ஸில் வருகிறவனுக்குச் சைக்கிள் கிளிப் எதற்கு என்று பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன், சிரிப்பான்.

வைத்திருக்கிறானே தவிர அவனுக்கு நாணயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. புகையிலை டப்பாவில் பஞ்சு போட்டு அடுக்கிக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றையும் எந்தக் கப்பல், எந்த ஆள் என்று சொல்லிக்கொண்டே போனான். எனக்கு வேண்டியது வருஷமும் நாணயச்சாலையின் அடையாள எழுத்தும்தான், கப்பல்காரன் மீசையின் நிறம் இல்லை என்று சொன்னேன். கடைசியில் 1965ஆம் வருஷத்துக் கால் டாலர் ஒன்றைத் தனியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"இத மட்டும் திருப்பித் தர வேண்டாம் அண்ணாச்சி, உங்களுக்குத்தான். மேல தூக்கிப் பொரட்டிப் பாருங்க, ஒரு வேடிக்க தெரியும்."

நாணயத்தைப் புரட்ட எனக்குச் சொல்லித் தருகிறான். வருஷத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன். அவனும் பேச்சை விட்டுவிட்டான். மற்ற முப்பத்தாறும் வேலை முடிகிறவரை என்னிடம் இருக்கும்.

ஜூன் 17

நிதானமாக எழுதுகிறேன்.

நம்மூர் ரூபாயை எடுத்து, நோட்டுப் புத்தகத்தின் தாளைத் திருப்புவது போலத் திருப்பினால் பின்பக்கம் நேராக நிற்கும். நவநீதத்தின் டப்பாவிலிருந்து ஒரு கால் டாலரை எடுத்து அப்படித் திருப்பினேன். கழுகு தலைகீழாக நின்றது. லிங்கன் சென்டைத் திருப்பினால் கட்டடத்தின் கூரை கீழே, படிகள் மேலே. ஒன்று விடாமல் பார்த்தேன். முப்பத்தாறும் தலைகீழ்.

என்னிடம் இருக்கும் அமெரிக்க விலைப்பட்டியலில் (பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் வாங்கியது) முன்பக்கமும் பின்பக்கமும் அடுத்தடுத்து நேராகத்தான் அச்சாகியிருக்கின்றன. ஆக, இவை பிழை நாணயங்கள். ஒன்றிரண்டு என்றால் தற்செயல். முப்பத்தாறு என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். யோசித்ததில் பிடிபட்டுவிட்டது. அமெரிக்காக்காரன் தன் ஊரில் செல்லாத சரக்கையெல்லாம் மாலுமிகள் சம்பளத்தில் கலந்து கப்பலில் ஏற்றியிருக்கிறான். கறுப்புத் தோல் துறைமுகத்தில் எவன் புரட்டிப் பார்க்கப் போகிறான் என்ற நினைப்பு. ஞானகுருசாமி புரட்டிப் பார்ப்பான் என்று அவனுக்குத் தெரியாது.

இதற்கென்று தனி அத்தியாயம், ஒன்பதாவது. 'தலைகீழ் நாணயங்கள்.' உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது.

இன்னொன்று. நவநீதம் எனக்கென்று கொடுத்தானே, அந்தக் கால் டாலர் மட்டும் திருப்பினால் நேராக நிற்கிறது. முப்பத்தேழில் ஒழுங்காக இருந்த ஒன்றே ஒன்றை, அதாவது சேகரிப்பவனுக்கு ஒன்றுக்கும் உதவாததைப் பொறுக்கி எனக்குத் தானம் செய்திருக்கிறான். கஞ்சன்.

ஜூலை 9

ராஜபாளையத்திலிருந்து ஒரு பஞ்சாலைக் கணக்கர் வந்தார். மகள் டெக்சாஸில் இருக்கிறாளாம். அதைச் சொல்ல அரைமணி நேரம். போன மாதம் அவள் கொண்டுவந்த சில்லறை பதினொன்றைக் காட்டினார். பதினொன்றும் தலைகீழ்.

அப்படியானால் கப்பலோடு நிற்கவில்லை, அங்கே வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் தலையிலும் இதையே கட்டுகிறார்கள். அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அவ்வளவு சம்பளம் கொடுக்கிறவர்கள் சில்லறையில் ஏன் ஏமாற்ற வேண்டும் என்று கேட்டார். பஞ்சாலைக் கணக்கருக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு நேரம் இல்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் மேலும் நான்கு பக்கம் சேர்ந்தது.

ஜூலை 21

மின்சாரம் இல்லை. சொர்ணம் நாணயங்களைப் புளி போட்டுத் தேய்த்துத் தரவா என்று கேட்டாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம், தேய்த்தால் நாணயத்தின் மதிப்பு போய்விடும் என்று இன்னும் தெரியாது.

ஆகஸ்ட் 4

அட்டை மாதிரி வந்தது. என் பெயர் நீலத்தில், பெரிதாக இருக்கிறது. மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சொர்ணம் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நவநீதம் அண்ணன் பேரு எங்க?" என்றாள். ஆரம்பத்தில் இருவர் பெயரும் என்றுதான் பேச்சு. மறுக்கவில்லை. ஆனால் எழுதியது யார்? ஒன்பதாம் அத்தியாயத்தைக் கண்டுபிடித்தது யார்? நெல் மூட்டை வைத்திருப்பவனைச் சமையற்காரன் என்று யாரும் சொல்வதில்லை. நன்றியுரையில் 'நாணயங்கள் கொடுத்து உதவிய நண்பர்' என்று போட்டிருக்கிறேன். அதுவே அதிகம். சொர்ணம் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 19

ரத்தினவேலுக்கு ஒரு யோசனை உதித்திருக்கிறது. வருஷத்துக்கு ஒன்று உதிக்கும், அதுவும் இப்படித்தான் இருக்கும். வெளியீட்டு விழாவில் முதல் பிரதியைப் பட்டு நாடாவால் கட்டி, நாடா நுனியில் நிஜமான அமெரிக்க நாணயம் ஒன்றைத் தொங்கவிட வேண்டுமாம். கண்காட்சிக்கு வருகிற கூட்டம் புத்தகத்தைப் பார்க்காது, தொங்குவதைப் பார்க்கும் என்றார். அதில் மட்டும் அவர் சொன்னது சரி.

முப்பத்தாறும் பொக்கிஷம், தொட விட மாட்டேன் என்றேன். நவநீதம் கொடுத்த 1965 இருக்கிறதே, அதுதான் சாதாரணம். நகைப்பட்டறை ஆசாரியிடம் கொடுத்து, முன்பக்கத்துத் தலைக்கு நேர்மேலே விளிம்பில் ஓட்டை போடச் சொன்னேன். சுத்தமாகப் போட்டுக் கொடுத்தார். ஒருவழியாக அந்த நாணயத்துக்கும் ஒரு பிரயோஜனம் வந்தது.

செப்டம்பர் 6

ஒன்பது அத்தியாயமும் அச்சாகி, தாள் தாளாக அடுக்கியாகிவிட்டது. ரத்தினவேல் என்னைக் கேட்காமல் ஒரு செட்டை நவநீதத்துக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இன்று காலையில் வந்து நிற்கிறான். சேவு இல்லை. கக்கத்தில் அச்சுத் தாள்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, புத்தகத்தப் பத்தி ஒரு வார்த்த பேசணும்."

முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? பெயர் விஷயம் என்றால் பேச ஒன்றுமில்லை என்றேன். பெயரைப் பற்றி இல்லை என்றான். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் விடவில்லை. மூட்டை எண்ணுகிறவன் எண்ணத்தான் செய்வான், மூட்டைக்குள் இருப்பது என்ன என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் தாள்களை மடித்தான். ஒரு ரூபாய் நாணயத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தவன், எடுத்தபடியே திரும்ப உள்ளே போட்டுக்கொண்டான்.

"சரி அண்ணாச்சி. விழா நல்லா நடக்கட்டும்."

பஸ் நிறுத்தம் வரை கூடப் போவது வழக்கம். போகவில்லை. அடுப்படியில் சொர்ணம் இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றி வைத்திருந்தாள், ஒன்று வீண்.

செப்டம்பர் 14

சேவு தின்று பல் கெட்டதுதான் மிச்சம். இப்போது நிம்மதி.

செப்டம்பர் 22

நவநீதத்தின் மருமகன் வந்து முப்பத்தாறு நாணயங்களையும் திருப்பிக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். படம் எடுக்கிற வரை தர மாட்டேன் என்று சொல்லப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. நாணயத்தின் அருமை தெரிந்தவன் என்றால் இப்படி விட்டுவைப்பானா?

அக்டோபர் 3

படப் பக்கங்கள் தனியாக வழவழத் தாளில் கடைசியில் சேரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் அமைப்பவள் மாரீஸ்வரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் போட்டுப் போட்டுத் தேய்ந்த கை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள். முப்பத்தாறு நாணயங்களையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எப்படிப் புரட்டி எப்படிப் படமெடுக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கிக் காட்டினேன். ஐந்தாறு பார்த்ததும் நிறுத்தினாள்.

"சார், எல்லாமே தலகீழா இருந்தா அது எப்பிடி சார் தப்பாகும்? அவுங்க அடிக்கிறதே அப்பிடித்தான் போல."

ஒன்பதாம் அத்தியாயத்தைப் படி என்றேன். படிச்சுத்தான சார் டைப் பண்ணேன் என்றாள். பிறகு ஆணியில் தொங்கிய ஆறு தாள் காலண்டரைக் காட்டினாள். நம் அச்சகத்துச் சரக்குதான். தாளின் இந்தப் பக்கம் ஜனவரி, அந்தப் பக்கம் பிப்ரவரி.

"இதக் கழட்டி நோட்டு மாதிரி பொரட்டுனீங்கன்னா பிப்ரவரி தலகீழாத்தான் தெரியும். ஆணியில தொங்குறப்ப மேல தூக்கிப் பொரட்டுவோம்ல, அப்ப நேராயிரும். இதுவும் காலண்டர் மாதிரிதான் சார்."

ஒரு சென்டை எடுத்துக் கட்டைவிரலால் கீழிருந்து மேலே தூக்கிப் புரட்டினாள். கட்டடம் நேராக நின்றது. இன்னொன்று. அதுவும் நேர். சுண்ணாம்பு டப்பியிலிருந்து எடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிக்கொண்டே போனாள்.

வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு நாணயங்களை வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்தாம் வகுப்புக்காரி அமெரிக்க நாணயச்சாலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

அக்டோபர் 4

ராஜபாளையத்துக்குப் போன் செய்தேன். கணக்கர் மகளையே கேட்டு வைத்திருந்தார். அங்கே கடையில் கொடுக்கிற சில்லறை முழுக்க அப்படித்தான் இருக்கிறதாம். நம் ஊர்க் காசை அவள் தோழிகளிடம் காட்டினால் அவர்கள் இதுதான் தலைகீழ் என்கிறார்களாம். போனை வைத்துவிட்டேன்.

முப்பத்து மூன்று வருஷம் ஆறு தாள் காலண்டருக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். பின்பக்கத்தைத் தலைகீழாக அடித்தால்தான் ஆணியில் நேராக வரும் என்று புதிதாக வருகிற மிஷின்காரனுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான். அமெரிக்காக்காரன் மோசக்காரன் என்று நினைப்பதற்கு இருந்த ஆசையில் ஒரு காசை மேலே தூக்கிப் புரட்டத் தோன்றவில்லை.

ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் எழுபத்திரண்டு பக்கம். ஆயிரம் பிரதி. அச்சாகி அடுக்கில் இருக்கிறது. விழாவுக்கு ஐந்து வாரம்.

அக்டோபர் 5

பேசாமல் விட்டுவிட்டால் என்ன? சங்கத்தில் எவனுக்குத் தெரியும்? இருபத்தெட்டுப் பேரும் கைதட்டுவார்கள், வடை தின்பார்கள், போவார்கள். மாரீஸ்வரி வாயைத் திறக்க மாட்டாள், அவளுக்கு இது இன்னொரு நோட்டீஸ். என் பெயர் நீலத்தில் இருக்கும். கண்டுபிடிக்கத் தெரிந்தவன் இந்த ஜில்லாவில் ஒருவனும் இல்லை.

இப்படி எழுதிவிட்டு, நாடாவில் கட்ட வைத்திருந்த 1965ஐ எடுத்தேன். காலண்டர் போல மேலே தூக்கிப் புரட்டினேன். கழுகு தலைகீழாக நின்றது. திரும்பத் திரும்பப் புரட்டினேன். கோடிக்கணக்கில் சரியாக அடித்தவர்களின் கையிலிருந்து தப்பி, அச்சு திரும்பி விழுந்த ஒன்று. அமெரிக்காக்காரன் கணக்கில் முப்பத்தேழில் பிழை நாணயம் இது ஒன்றுதான். அதில் ஓட்டை.

இதே டைரியில் ஜூன் 15ஐ எடுத்துப் படித்தேன். 'மேல தூக்கிப் பொரட்டிப் பாருங்க.' என் கையெழுத்துதான். செப்டம்பர் 6ஐயும் படித்தேன். பெயரைப் பற்றி இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

தன்னிடம் இருந்ததிலேயே மிக அரியதை எனக்குக் கொடுத்தவனைக் கஞ்சன் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வார்த்தையை அடித்துவிடத் தோன்றியது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

அக்டோபர் 7

முதல் பஸ்ஸில் சாத்தூர் போனேன். எங்கே போகிறீர்கள் என்று சொர்ணம் கேட்கவில்லை, சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள்.

நவநீதம் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஆக, சைக்கிள் இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை மூன்று மைல் அதில்தான் வருகிறான். பதினைந்து வருஷத்தில் நான் அவன் வீட்டுக்குப் போனதே இல்லை.

முப்பத்தாறையும் டப்பாவோடு கொடுத்தேன். பிறகு 1965ஐ எடுத்து அவன் கையில் வைத்தேன். என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னேன், ஆசாரி வரை. என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் தலையைக் குனிந்து பேசியதில்லை. அவன் விரல் ஓட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எந்த ஆசாரி?" என்றான். சொன்னேன். "நல்லாத்தான் போட்டிருக்காரு."

உள்ளே போய்விட்டான். வர மாட்டான் என்று நினைத்து எழுந்தேன். ஒரு நூலோடு வந்தான். ஓட்டையில் கோத்து விரலில் பிடித்துத் தொங்கவிட்டான். நாணயம் மெதுவாகச் சுழன்றது. தலை, கழுகு, தலை, கழுகு. இரண்டும் நேராக நின்றன.

"தொங்கவிடுறதுக்கு இது ஒண்ணுதான் அண்ணாச்சி லாயக்கு. மத்த எதுல ஓட்ட போட்டிருந்தாலும் கழுகு தலகீழால்ல தொங்கும்."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதேன் என்று எழுத இந்த டைரியில் இடம் உண்டு, எழுதிவிட்டேன்.

அன்று ஒன்பதாம் அத்தியாயத்தைச் சொல்லத்தானே வந்தாய், கத்தியாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க சொல்ல விட்டாத்தான?" என்றான். வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை. அட்டையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தான்.

அக்டோபர் 9

ரத்தினவேல் கத்தினார். அச்சகத்தில் எல்லோரும் கேட்டார்கள், கேட்கட்டும். எழுபத்திரண்டு பக்கமும் கழிவுத் தாள். வெடிக்குச் சுருட்டுகிறவர்கள் எடை போட்டு எடுத்துப் போய்விட்டார்கள். அடுத்த தீபாவளிக்கு என் ஆராய்ச்சி ஊர் ஊராக வெடிக்கும். உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத அத்தியாயத்துக்குப் பொருத்தமான முடிவு.

அட்டையை மாற்றச் சொன்னேன். நவநீதகிருஷ்ணன் பெயர் முதலில், என் பெயர் அதன் கீழே, அதே அளவு. நீலம் வேண்டாம், கறுப்பு போதும். மாரீஸ்வரிக்கு நன்றியுரையில் ஒரு வரி. பெயரோடு.

ஒன்பதாம் அத்தியாயம் இப்போது ஒரே பக்கம். உட்கார்ந்து அங்கேயே எழுதிக் கொடுத்தேன்:

'அமெரிக்க நாணயத்தைக் காலண்டர் தாள் போல மேலே தூக்கிப் புரட்ட வேண்டும். நம் நாணயம் போலப் பக்கவாட்டில் திருப்பி, தலைகீழ் என்று கூச்சலிடுகிறவர்களை நம்ப வேண்டாம். உண்மையான திரும்பிய பிழை அரிது. எடுத்துக்காட்டு: கால் டாலர், 1965. கண்டெடுத்தவர்: நவநீதகிருஷ்ணன், தூத்துக்குடித் துறைமுகம். நிலை: தலைக்கு மேல் ஓட்டை. ஓட்டை போட்ட மடையன்: இந்நூலின் இரண்டாம் ஆசிரியர்.'

மாரீஸ்வரி அடித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், கடைசி வரி இருக்கட்டுமா?"

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். பிழை எதுவும் இல்லை, அச்சுக்குப் போகலாம் என்று ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டேன்.